மறைக்க வேண்டிய நோயல்ல

ஐந்து வருடங்களாக நான் கோயில் திருவிழாவுக்கோ கலியாண வீட்டுக்கோ போனதில்லை. சேலை உடுத்தால் வயிறு முன்தள்ளித் தெரியும். கணவனை இழந்தவளுக்கு வயிறு பெருத்தால் ஊர் என்ன கதைக்கும் என்பதை, சகோதரிகளே, உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

2009 பெப்ரவரியில் வன்னியில் செல் துண்டு என் வயிற்றைக் கிழித்தது. புதுமாத்தளனிலிருந்து செஞ்சிலுவைக் கப்பலில் திருகோணமலைக்குக் கொண்டு சென்றார்கள். உயிர் தப்பினேன். பின்னர் பிறந்த ஊரான உரும்பிராய்க்கு வந்து, வெங்காயத் தோட்டங்களில் கூலி வேலை செய்தேன். சில வருடங்களில் தழும்பின் நடுவே ஒரு வீக்கம் தோன்றியது. இருமினால், கிணற்றில் தண்ணீர் அள்ளினால் வெளியே தள்ளும். படுத்தால் உள்ளே போய்விடும். வாய்வு என்று எண்ணி, துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

காய்ச்சலுக்கு மருந்தெடுக்கப் போன இடத்தில் ஒரு தாதி அதைக் கண்டு, யாழ். போதனா வைத்தியசாலைக்குப் போகச் சொன்னார். அது ‘ஹேர்னியா’ என்னும் குடலிறக்கம் என்று அங்கே விளக்கினார்கள். வெட்டித் தைத்த இடத்தில் வயிற்றுச் சுவர் பலவீனப்பட்டால், அந்த இடைவெளியால் குடல் பிதுங்கும். சிசேரியன் செய்த தாய்மாருக்கும் இது வரலாம். தானாக மாறாது, பட்டி கட்டினால் தாங்கும், குணமாகாது.

“வீட்டில் என்ன வேலை செய்ய முடியவில்லை?” என்று வைத்தியர் கேட்டபோது அழுதுவிட்டேன். அதுவரை எவரும் அப்படிக் கேட்டதில்லை. அமெரிக்க வைத்தியர்கள் 2012இல் இந்நோயாளருக்கென 12 கூற்றுகள் கொண்ட படிவமொன்றை வெளியிட்டதைப் பின்னர் அறிந்தேன். நடப்பது, உடுப்பது, சமைப்பது, தாம்பத்தியம், மனச்சோர்வு எல்லாம் அதில் உண்டு. வயிற்றின் காரணமாக வீட்டிலேயே தங்கிவிடுவதும் அதில் ஒன்று. என் கதையை யாரோ எழுதி வைத்தது போலிருந்தது.

முதலில் நீரிழிவைக் கட்டுப்படுத்தினார்கள். பிறகு சத்திரசிகிச்சை செய்து, உள்ளே வலை வைத்துத் தைத்தார்கள். வலை வைத்தால் வீக்கம் திரும்ப வரும் வாய்ப்புக் குறைவு. வைத்தியர் சொன்ன காலம்வரை வாளி தூக்கவில்லை. அயல்வீட்டு அக்கா தண்ணீர் அள்ளித் தந்தா.

ஒன்றை மறவாதீர்கள். வீக்கம் கல்லுப்போல் இறுகி, உள்ளே போகாமல் வலித்தாலோ, நிறம் மாறினாலோ, வாந்தி வந்தாலோ, மலமும் வாய்வும் போகாவிட்டாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரச வைத்தியசாலையில் வைத்தியரைக் காணப் பணம் தேவையில்லை. வீக்கத்தை மட்டுமல்ல, அதனால் நீங்கள் இழந்தவற்றையும் அவரிடம் சொல்லுங்கள்.

இந்த வருடம் நான் தேர்த்திருவிழாவுக்குப் போனேன், சேலை உடுத்து.