ஆயில் கறுத்தால் பயமில்லை... பால் காபி நிறமானால் உஷார்!

பௌர்ணமி கிரிவலத்துக்காக வேங்கிக்கால் வழியே திருவண்ணாமலை வரும் கார்களில் பல, வெகுதூரம் ஓடி வந்தவை. ஊர் திரும்பும்முன் இன்ஜின் ஆயிலை ஒருமுறை பாருங்கள்.

சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து 10 நிமிடம் கழித்து, டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுங்கள்.

தேன் நிறம்: புது ஆயில்.

கறுப்பு: பதற வேண்டாம். கரியையும் அழுக்கையும் ஆயில் தன்னோடு சேர்த்துக்கொள்வதால் வரும் நிறம். டீசல் வண்டியில் சீக்கிரமே கறுத்துவிடும். கையேட்டில் உள்ள கிலோமீட்டர், மாதக் கணக்குப்படி மாற்றினால் போதும்.

பால் காபி நிறம்: தண்ணீரோ கூலன்ட்டோ கலந்திருக்கலாம், ஹெட் கேஸ்கட் பழுதாகியிருக்கலாம். ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கை அழையுங்கள். அப்படியே ஓட்டினால் இன்ஜினுக்கே ஆபத்து.

மினுமினுக்கும் துகள்கள்: உள்ளே உலோகம் தேய்கிறது. உடனே காட்டுங்கள்.

நிறம் எதுவானாலும், ஆயில் அளவு கீழ்க்கோட்டுக்குக் கீழே இறங்கவே கூடாது!