பற்றாசும் மின்சுற்றும்

உலோகத் துண்டுகளை இணைக்கப் பொற்கொல்லர் உருக்கி வைக்கும் பொருளுக்குப் பற்றாசு என்று பெயர். இரு குறள் வெண்பாக்களைத் தனிச்சொல்லால் இணைத்து நேரிசை வெண்பா ஆக்கும்போது, ஓசை நிரம்ப முதற்குறளின் இறுதியில் ஓரிரு அசைகளைச் சேர்ப்பதுண்டு. அவ்வசைகளை ‘ஆசு’ என்றும், அப்பாடலை ‘ஆசிடை நேரிசை வெண்பா’ என்றும் யாப்பிலக்கணம் கூறும். இணைக்க வந்த ஆசு, பாடலுக்குப் புறம்பாக நிற்பதில்லை. அதன் உறுப்பாகவே ஆகிவிடுகிறது. உயர் அதிர்வெண் மின்சுற்றில் பற்றாசின் நிலையும் இத்தகையதே.

கம்பியும் அலைநீளமும்

வீட்டிற்கு வரும் மாறுதிசை மின்னோட்டத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். மின்காந்த அலை நொடிக்கு 3 இலட்சம் கிலோமீட்டர் செல்வதால், இதன் அலைநீளம் 6000 கிலோமீட்டர் ஆகும். அதனுடன் ஒப்பிட, அறைக்குள் ஓடும் கம்பியின் நீளம் ஒரு பொருட்டன்று. ஆனால், ‘வைஃபை’ எனும் கம்பியில்லாத் தொடர்பில் பயன்படும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அலைநீளம் 12.5 செ.மீ. மட்டுமே. கண்ணாடியிழைச் சுற்றுப்பலகையில் அலையின் வேகம் குறைவதால், அது ஏறத்தாழ 7 செ.மீ. ஆகச் சுருங்குகிறது. இந்நிலையில், ஒரு செ.மீ. நீளமுள்ள செப்புத்தடத்தையும் வெறும் கம்பியாகக் கருத இயலாது. தடத்தின் அகலமும் பலகையின் தடிமனும் முன்கூட்டியே கணக்கிடப்பட வேண்டும். அக்கணக்கு ஓரிடத்தில் பிறழ்ந்தாலும், சுவரில் மோதிய ஒலிபோலச் சைகையின் ஒரு பகுதி வந்த வழியே திரும்பிவிடும்.

சிறுமையின் பயன்

பழைய முறையில், மின்தேக்கி முதலிய உறுப்புகளின் கால்களைப் பலகைத் துளைகளில் செலுத்திப் பற்றவைப்பர். மெல்லிய கம்பியின் மின்தூண்டல் எண், மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு நானோஹென்றி ஆகும். எனவே, 10 மி.மீ. நீளமுள்ள கால், 50 ஹெர்ட்ஸில் புறக்கணிக்கத்தக்க மறுப்பையே தருகிறது, 2.4 கிகாஹெர்ட்ஸிலோ அதே கால் ஏறத்தாழ 150 ஓம் மறுப்பைத் தருகிறது. மின்தேக்கி என வைக்கப்பட்ட உறுப்பு, மின்தூண்டியைப்போல் செயல்படத் தொடங்குகிறது. இக்குறையைக் களையவே, நீண்ட கால்கள் இல்லாமல் பலகையின் மேற்பரப்பிலேயே பொருத்தப்படும் உறுப்புகள் பயன்படுகின்றன. அவற்றுள் ஒருவகை, 1 மி.மீ. நீளமும் 0.5 மி.மீ. அகலமுமே உடையது.

பற்றவைக்கும் முறை

பற்றாசுத் தூளும் இளக்கியும் கலந்த பசையைச் செப்புத்திட்டுகளில் மெல்லியதாக இடுவர். உறுப்பை நுண்ணிடுக்கியால் அதன்மேல் வைத்துச் சூடேற்றுவர். இளக்கி, உலோகப் பரப்பிலுள்ள ஆக்சைடு படலத்தை நீக்குகிறது. வெள்ளீயம் 63 விழுக்காடும் காரீயம் 37 விழுக்காடும் கலந்த பற்றாசு 183 டிகிரி செல்சியஸில் உருகும். உருகிய பற்றாசின் பரப்பு இழுவிசை, சற்றே விலகியிருக்கும் உறுப்பை உரிய இடத்திற்கு இழுத்துச் சேர்க்கிறது. ஒருபுறம் மட்டும் முதலில் உருகினால், அதே விசை உறுப்பை நடுகல்போல் நிமிர்த்திவிடும். பற்றாசு மிகுந்தால் அடுத்த தடத்தோடு ஒட்டும். குறைந்தால் இணைப்பு வலுவிழக்கும்.

கண்ணுக்குத் தெரியும் பிழையைத் திருத்துவது எளிது. இணைப்பு நீண்டோ குவிந்தோ அமைந்த பிழையைச் சாதாரண மின்னளவி காட்டாது. மின்னோட்டம் தடையின்றிச் செல்வதாகவே அது தெரிவிக்கும். கடலில் படகின் இருப்பிடத்தைக் காட்டும் ஜி.பி.எஸ். கருவி, ஏறத்தாழ 20,200 கி.மீ. உயரத்திலுள்ள செயற்கைக்கோள்களின் சைகைகளைப் பெறுகிறது. வந்தடையும் சைகை மிக நலிந்தது. அதில் ஒரு பகுதி பழுதான இணைப்பில் வீணானால், இருள்சூழ்ந்த கடலில் படகு திசையறியாது தவிக்க நேரிடும்.

ஆகவே, வரைபடத்தில் இடம்பெறாத பற்றாசும் மின்சுற்றின் ஓர் உறுப்பே. கணக்கிடும் அறிவும் பற்றவைக்கும் கையும் ஒன்றையொன்று அறிந்து இயங்கும்போதே சுற்று செவ்வனே செயற்படும்.