அரிசி ஆலை மோட்டார்: கரன்ட் பில் எங்கே குறையும்?

செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மூட்டை மூட்டையாக நெல் இறங்குகிறது. அதை அரைக்கும் ஆலைகளில், உமியைப் பிரிக்கும் ப்ளோயரைக் கவனியுங்கள். காற்று அதிகமானால் தகட்டை மூடிக் குறைப்பார்கள். மோட்டார் மட்டும் முழு வேகத்திலேயே சுற்றும். வீண் செலவுதானே?

‘விஎஃப்டி’ கருவி மோட்டாரின் வேகத்தையே குறைக்கும். ஃபேனுக்கான மின்சக்தி வேகத்தின் மும்மடியில் மாறும். 80 சதவீத வேகம் என்றால் 0.8 × 0.8 × 0.8, அதாவது ஏறக்குறைய பாதி கரன்ட் போதும்.

நெல் தூக்கும் எலிவேட்டருக்கு இந்தக் கணக்கு செல்லாது. அங்கே திறன் கூடிய ஐஇ3 ரக மோட்டார்தான் வழி. எரிஞ்ச மோட்டாருக்கு மறுபடி மறுபடி காயில் கட்டி ஓட்டுறது நம்ம ஊர் வழக்கம். சரியாகக் கட்டாவிட்டால் திறன் குறையும். புதுசு வாங்கும்போது மோட்டாரின் பெயர்த்தகட்டில் ஐஇ எண்ணைப் பார்த்து வாங்குங்க.