பணம் யார் பெயரில் இருக்கிறது?

அகமதாபாத் நகரத்து மானேக் சௌக் கடைத்தெருவில் தரையில் சாக்கை விரித்துக் காய்கறி விற்கும் பெண்கள், அரை நூற்றாண்டுக்கு முன்னர், விடியற்காலையில் வட்டிக்காரரிடம் 50 ரூபாய் வாங்கிச் சரக்கெடுத்து, அன்று மாலை விளக்கு வைப்பதற்குள் அதை 55 ரூபாயாகத் திருப்பிக் கொடுப்பது வழக்கமாக இருந்தது. நாள் ஒன்றுக்கு நூற்றுக்குப் பத்து வட்டி. இத்தனை கொடிய வட்டியையும் தவறாமல் கட்டிவிட்டு, மிஞ்சியதில் குடும்பத்தையும் காப்பாற்றி வந்த இந்தப் பெண்களைக் கடன் கொடுக்கத் தகுதியற்றவர்கள் என்றே அக்காலத்து வங்கிகள் கருதிவந்தன என்பதை நினைக்கும்போது மனம் வருந்தாமல் இருப்பதில்லை.

இந்த அநீதியைக் கண்டு வாளாவிருக்க மனமில்லாதவர் இலா பட் என்ற வழக்கறிஞர். அகமதாபாத் நெசவாலைத் தொழிலாளர் சங்கமாகிய மஜூர் மகாஜனின் பெண்கள் பிரிவை நிர்வகித்து வந்த அவர், ஆலைக்குள் உழைப்பவருக்குச் சங்கமும் சட்டமும் துணை நிற்க, ஆலைக்கு வெளியே தலைச்சுமை சுமந்தும், பீடி சுற்றியும், பாத்திரத்தைக் கொடுத்துப் பழந்துணி வாங்கி விற்றும் ஜீவனம் நடத்தும் பெண்ணுக்கு எவ்வித ஆதரவும் இல்லாதிருப்பதை உணர்ந்து, 1972-ல் ‘சேவா’ என்ற தொழிற்சங்கத்தைத் தொடங்கினார். முதலாளியே இல்லாத தொழிலாளிகளுக்கு யாரை எதிர்த்துச் சங்கம் என்று அதிகாரிகள் ஆட்சேபித்தார்கள். சங்கம் ஒருவரை எதிர்ப்பதற்காக மட்டும் அன்று, உழைப்பவர்கள் ஒன்றுகூடுவதற்காகவும்தான் என்று வாதாடி அவர் பதிவு பெற்றார்.

1969-ல் 14 பெரிய வங்கிகள் தேசியமயமான பிறகு ஏழைகளுக்கும் கடன் வழங்க வேண்டும் என்ற கொள்கை பிறந்தது மெய்யே. சேவாவும் தன் அங்கத்தினரை அவ்வங்கிகளிடம் அனுப்பிப் பார்த்தது. கடைத்தெருப் புழுதி படிந்த சேலையும் இடுப்பில் அழும் குழந்தையுமாக வந்து நின்ற பெண்ணிடம் குமாஸ்தா பொறுமையாகப் பேசவில்லை. வங்கி திறந்திருக்கும் நேரமோ அவள் வியாபாரத்தை விட்டு அகல முடியாத நேரம். எப்படியோ பணம் கிடைத்துவிட்டால், அது வீட்டு ஆண்களின் கைக்குப் போய்விடும் அபாயம். 1973-ல் நடந்த கூட்டமொன்றில், நமக்கென்று ஒரு வங்கி வைத்துக்கொண்டால் என்ன என்று பழந்துணி வியாபாரி ஒருத்தி கேட்டாள். நாம் ஏழைகளாயிற்றே என்று தயங்கிய இலா பட்டிடம், ஏழைகள்தான், ஆனால் எண்ணிக்கையில் எத்தனை பேர் இருக்கிறோம் என்ற பொருள்பட அவள் சொன்ன மறுமொழியே அந்த வங்கிக்கு அஸ்திவாரமாயிற்று. 4,000 பெண்கள் ஆளுக்கு 10 ரூபாய் பங்குப் பணம் கொடுத்தார்கள். 40,000 ரூபாய் சேர்ந்தது.

கைநாட்டு வைக்கிறவர்கள் வங்கி நடத்துவதாவது என்ற தடை அடுத்தபடியாக எழுந்தது. ஸ்தாபக அங்கத்தினராகிய பெண்கள் இரவு முழுவதும் விழித்திருந்து தத்தம் பெயரை எழுதிப் பழகி, மறுநாள் பதிவாளர் முன்னிலையில் பிழையறக் கையெழுத்திட்டார்கள். 1974-ல் ஸ்ரீ மகிளா சேவா சககாரி வங்கி உதயமாயிற்று. எழுதப் படிக்கத் தெரியாத வாடிக்கைக்காரரை இன்னாரென்று அடையாளம் காண, கணக்கு எண் எழுதிய பலகையைக் கையில் பிடித்தபடி எடுத்த புகைப்படத்தைக் கணக்குப் புத்தகத்தில் ஒட்டினார்கள். நாட்டின் பெரிய வங்கிகளுக்கெல்லாம் தோன்றாத இந்த எளிய உபாயத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். கல்வியின்மையை அவர்கள் ஒரு குற்றமாகக் கருதாமல், சமாளிக்க வேண்டிய காரியமாக மட்டுமே கருதினார்கள்.

அவ்வங்கியின் வரலாற்றில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இன்னொன்று. வட்டிக்காரரிடம் அடகிலிருக்கும் நகையையும் நிலத்தையும் மீட்பதற்குக் கடன் கொடுத்ததோடு நில்லாமல், வீடும் மனையும் நிலமும் பெண்ணின் பெயரில் பத்திரமாக வேண்டும் என்பதை அது தன் நோக்கங்களுள் ஒன்றாக வைத்துக்கொண்டது. சம்பாதிப்பது ஒருத்தி, உடைமைக்கு உரியவர் வேறொருவர் என்ற நிலை நீடிக்கும்வரை, எத்தனை ரூபாய் கடன் கொடுத்தாலும் அவளுடைய வாழ்வு அசையாது என்பதை அனுபவத்தால் அறிந்தவர்கள் அவர்கள்.

1975-ல் மெக்சிகோ நகரில் ஐக்கிய நாடுகள் சபை கூட்டிய முதல் உலகப் பெண்கள் மாநாட்டில் உருவான தொடர்பின் பயனாக, இலா பட்டும், பழப்பாகு காய்ச்சி விற்கத் தொடங்கித் தொழிலதிபராக உயர்ந்த கானா நாட்டு எஸ்தர் ஒக்லூவும், அமெரிக்கரான மிக்கேலா வால்ஷும் வேறு சிலரும் சேர்ந்து 1979-ல் ‘பெண்கள் உலக வங்கிப்பணி’ என்ற ஸ்தாபனத்தை நிறுவினார்கள். நம் சென்னையிலும் 1978-ல் ஜெயா அருணாசலம் உழைக்கும் பெண்களுக்கான ஓர் அமைப்பைத் தொடங்கி, சிறு வியாபாரம் செய்யும் பெண்களை ஒன்றுதிரட்டினார் என்பதும் இங்கே நினைக்கத்தக்கது.

இப்பெண்கள் எழுப்பிய கேள்வியை இன்று முதலீட்டாளர்களும் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஒரு நிறுவனத்தில் மூலதனம் இடுகிறவர், லாபத்தை மட்டும் கணக்கிடாமல், அந்தப் பணம் பெண்களின் உடைமையையும் உத்தியோகத்தையும் அதிகாரத்தையும் எவ்வாறு பாதிக்கும் என்பதையும் ஆராய்ந்து முடிவு செய்வதை, இன்று ‘பாலின நோக்கு முதலீடு’ என்கிறார்கள். இந்தப் பெயர் பரவியது இந்த நூற்றாண்டில்தான். 2018-ல் கனடா நாட்டுச் சார்ல்வாவில் ஏழு பெருநாடுகளின் மாநாடு கூடியபோது, வளர்ச்சிக்குக் கடன் வழங்கும் அரசு நிதி ஸ்தாபனங்கள், வளரும் நாடுகளின் பெண்களுக்காக 2020-க்குள் 300 கோடி டாலர் திரட்டுவதாக உறுதி கூறின; திரண்டது அதைவிடப் பன்மடங்கு அதிகம். பங்குகளில் 51 சதவீதம் பெண்களிடம் இருக்கிறதா அல்லது நிறுவனத்தை ஆரம்பித்தவர் பெண்ணா, உயர்பதவிகளில் பெண்கள் எத்தனை பேர், ஊழியர்களில் எத்தனை பேர், விற்கும் பொருளாலோ சேவையாலோ பெண்களுக்குத் தனிப்பட்ட நன்மை உண்டா என்பனவே அவர்கள் வகுத்த அளவுகோல்கள்.

இவை தேவையான கேள்விகளே. ஆயினும் போதுமானவை அல்ல என்பது என் திடமான அபிப்பிராயம். சுனாமிக்குப் பிந்திய இலங்கையின் தென்பகுதியில், சில பொருளாதார அறிஞர்கள் சிறு தொழில் நடத்துவோருக்கு 10,000 அல்லது 20,000 இலங்கை ரூபாயை இனாமாக வழங்கி விளைவைக் கவனித்தார்கள். ஆண்களின் தொழிலில் வருமானம் கணிசமாக உயர்ந்தது. பெண்களின் தொழிலிலோ சராசரியாக உயர்வே தென்படவில்லை. பெண்ணுக்கு வியாபாரத் திறமை குறைவு என்று அவசரக்காரர் தீர்ப்பளித்திருக்கக்கூடும். பின்னர் ரோகிணி பாண்டே, எரிக்கா ஃபீல்டு முதலிய பொருளாதார அறிஞர்கள் இலங்கை, இந்தியா, கானா ஆகிய நாடுகளின் விவரங்களைச் சேர்த்து ஆராய்ந்தபோதுதான், கணவனுக்கும் தனித்தொழில் இருக்கும் வீட்டில் மனைவிக்குக் கொடுத்த மூலதனம் பெரும்பாலும் அவனுடைய தொழிலுக்கே போய்ச் சேர்கிறது என்பதும், வீட்டில் அவளுடைய தொழில் ஒன்றே இருக்குமாயின் ஆணுக்குச் சமமாக அவளும் லாபம் காட்டுகிறாள் என்பதும் புலப்பட்டன. வங்கதேசத்துக் கிராமங்களில் பெண்கள் பெயரில் வாங்கிய கடன்களில் கணிசமான பகுதியை ஆண்களே கையாண்டதை, 1996-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்று முன்னரே எடுத்துக்காட்டியிருந்தது. கடன் பெற்ற பெண்களின் தொகையை ஆண்டறிக்கையில் அச்சிட்டுத் திருப்தியடையும் முதலீட்டாளருக்கு, அந்தத் தொகைக்குள் மறைந்திருக்கும் இந்த விஷயம் தெரிய வருவதே இல்லை.

மாறாக, பணம் பெண்ணின் கையிலேயே நிலைத்தால் என்ன நேர்கிறது என்பதற்கும் சான்று உண்டு. மத்தியப் பிரதேசத்தில் ஊரக வேலைத் திட்டத்தின் கூலியைக் குடும்பத் தலைவரின் கணக்கில் செலுத்தாமல், பெண்ணின் சொந்தக் கணக்கிலேயே நேராகச் செலுத்தி, கணக்கைக் கையாளச் சிறிது பயிற்சியும் அளித்தபோது, வெறும் கணக்கு மட்டும் திறந்து கொடுக்கப்பட்டவர்களைவிட அவர்கள் அதிகமாக வேலைக்குச் சென்றார்கள். அதுவும் அரசாங்க வேலைக்கு மாத்திரமன்றி வெளி வேலைகளுக்கும்.

சேவா வங்கியிலேயே நடந்த ஒரு சோதனை இதற்கு மேலும் ஒன்றைச் சேர்க்கிறது. வாடிக்கைக்காரப் பெண்களில் சிலரை இரண்டு நாள் வியாபாரப் பயிற்சிக்குத் தனியாகவும், சிலரை ஒரு தோழியை அழைத்துக்கொண்டும் வரச் சொன்னார்கள். பாடம் இருவகையினருக்கும் ஒன்றே. தோழியோடு வந்தவர்களே கடன் வாங்கித் தொழிலில் இட்டார்கள். சில மாதங்களில் அவர்களுடைய குடும்ப வருமானமும் கூடியிருந்தது. வீட்டைவிட்டு வெளியே போவதற்குச் சமூகக் கட்டுப்பாடு மிகுந்த வகுப்புகளைச் சேர்ந்த பெண்களிடமே இந்தப் பலன் அதிகமாகக் காணப்பட்டது.