ஈயத்துக்கு ஓர் அச்சு, இரும்புக்கு ஓர் அச்சு!

ஈயச் சொம்பில் ரசம் வைக்கும் வீடுகளில் பெரியவர்கள் ஓர் எச்சரிக்கை சொல்வது வழக்கம்: "வெறுஞ் சொம்பை அடுப்பில் ஏற்றாதே, உருகி ஓடிவிடும்!" உலோக வார்ப்புத் தொழிலின் முதல் பாடமும் இதுதான்.

வெள்ளீயம் 232 செல்சியஸ் பாகையில் உருகும். ரசமோ ஏறக்குறைய 100 பாகையில் கொதித்துவிடும். ஆகவே ரசம் இருக்கும் வரை சொம்புக்கு ஆபத்தில்லை. வற்றினால் சொம்பு போயிற்று! எந்த உலோகம் எத்தனை பாகையில் உருகும் என்று தெரிந்துகொண்டால், அதற்கேற்ற அச்சும் உலையும் விளங்கிவிடும். பட்டறை வைக்க விரும்பும் பிள்ளைகளும், அதற்குச் சேமிப்பை எடுத்துத் தரும் பெற்றோரும் இதை அறிந்திருப்பது அவசியம். பொருந்தாத உலையில் போட்ட பணம் திரும்பாது.

செத்தாப்பாக்கில் ஈயம்

கோலாலம்பூர் வளர்ந்ததே ஈயத்தால்தான். 1885-இல் சீனாவிலிருந்து இங்கு வந்த யோங் கூன் என்ற கைவினைஞரின் தொழிலே இன்று செத்தாப்பாக்கிலுள்ள ராயல் சிலாங்கூர் நிறுவனமாக வளர்ந்திருக்கிறது. அங்கு செய்யப்படும் பியூட்டர் பொருள்களில் 92 முதல் 97 விழுக்காடு வரை வெள்ளீயம். மீதி செம்பும் அந்திமனியும். இக்கலவைக்கு 250 பாகையளவு சூடே போதும். எஃகு உருக 1,400 பாகைக்கு மேல் வேண்டும். எனவே பியூட்டரை எஃகு அச்சில் ஊற்றினால் அச்சுக்கு ஒன்றும் ஆகாது. ஒரே அச்சில் மீண்டும் மீண்டும் வார்க்கலாம்.

பித்தளைக்கு மணல்

கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பிரிக்பீல்ட்சிலும் விற்கும் குத்துவிளக்குகள் பித்தளை. அது உருக 900 பாகைக்கு மேல் வேண்டும். வார்ப்பிரும்புக்கோ ஏறக்குறைய 1,200 பாகை. இவ்வளவு சூட்டுக்கு வழக்கமாக மணல் அச்சுதான்.

சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டல் மண் பூசி, சூடு காட்டி மெழுகை வடித்துவிட்டு, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். சிலையை எடுக்க அச்சை உடைக்க வேண்டும். ஓர் அச்சுக்கு ஒரு சிலைதான்!

அலுமினியம் 660 பாகையில் உருகும். பத்து இருபது உருப்படிக்கு மணல் அச்சு போதும். ஆயிரக்கணக்கில் வேண்டுமானால்தான் விலையுயர்ந்த எஃகு அச்சு கட்டுப்படியாகும்.

பதம் போடும் உலை வேறு

உருக்கும் உலை வேறு, பதம் போடும் உலை வேறு. பால் மரம் சீவும் உளிக்குக் கொல்லர் துவைச்சல் போடுவதை நினைத்துப் பாருங்கள். சிவக்கக் காய்ச்சி முக்குவது கடினம் ஏற்ற. மறுபடி இளஞ்சூடு காட்டுவது நொறுங்காமல் இருக்க. இரண்டிலும் சூட்டின் அளவே முக்கியம்.

வலிமை ஏற்றக்கூடிய அலுமினிய வார்ப்புகளை 540 பாகையளவில் பல மணி நேரம் வைத்து, நீரில் முக்கி, பிறகு 150 முதல் 170 பாகையில் வைப்பார்கள். முதற்கட்டச் சூடு மிஞ்சினால் பொருள் உள்ளுக்குள் உருகத் தொடங்கும். குறைந்தால் வலிமை ஏறாது. ஆகவே காற்றைச் சுழற்றும் விசிறியும், சூட்டைச் சீராக வைக்கும் கருவியும் உள்ள உலை தேவை. எஃகு அச்சுக்கே பதம் போட 1,000 பாகைக்கு மேல் எட்டும் உலை வேண்டும். பியூட்டருக்கோ இந்த உலையே தேவையில்லை!

வாங்கும் முன் நான்கு கேள்விகள்:

1. என்ன உலோகம்?
2. எத்தனை உருப்படி?
3. வார்த்தபின் பதம் வேண்டுமா?
4. உலை எத்தனை பாகை வரை எட்டும்? மூலை முடுக்கெல்லாம் ஒரே சூடு இருக்குமா?

உயிர் முக்கியம்

ஈரமான உலோக அச்சில் உருகிய உலோகத்தை ஊற்றக்கூடாது. நீர் நொடியில் ஆவியாகி உலோகத்தை முகத்தில் வாரியடிக்கும். தூண்டில் குண்டுக்காகப் பழைய கார் பேட்டரியை உடைத்து, காரீயத்தை வீட்டு அடுப்பில் உருக்குவதும் வேண்டாம். அது 327 பாகையில் எளிதாக உருகும். அதன் புகையும் தூசியும் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்.

கைத்தொழில் ஒன்றைக் கற்றவன் பசித்திருக்க மாட்டான் என்பார்கள். அதை முறையாகக் கற்க, மனிதவள அமைச்சின் ஐ.எல்.பி. தொழிற்பயிற்சிக் கழகங்களில் உள்ள உலோகத் தொழில் படிப்புகளை விசாரியுங்கள். முதலில் படிப்பு, பிறகு பட்டறை!