ஓதிய தண்ணீரும் மருத்துவரின் சீட்டும்

மஃக்ரிப் தொழுகை முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியே வந்தால், வாசலில் தண்ணீர் பாட்டிலோடு இரண்டு மூன்று பேர் காத்திருப்பார்கள். காய்ச்சல் கண்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மாற்று மதச் சகோதரிகளும் நிற்பார்கள். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் நம் ஊர்களில் அன்றாடம் காணும் காட்சி இது.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு தாய் வந்தார். "ஹஜ்ரத், மருமகளுக்குக் காத்துக் கருப்பு பட்டிருக்கும் போல. கொஞ்சம் ஓதித் தாங்க" என்றார். பிள்ளை பெற்றுப் பத்து நாள்தான் ஆகிறது. மகன் வளைகுடாவில் இருக்கிறார். மருமகள் மூன்று இரவாகக் கண்ணை மூடவில்லை. யாரோ தன்னைக் கூப்பிடுவதாகச் சொல்கிறாள். மடியில் கிடக்கும் குழந்தையைப் பார்த்து, "இது என் பிள்ளை இல்லை" என்கிறாள்.

நான் ஓதி ஊதிக் கொடுத்தேன். மறுநாளும் வந்தார், மறுநாளும் ஓதினேன். "டாக்டரிடம் காட்டினீர்களா அம்மா?" என்ற ஒரே ஒரு கேள்வியை மட்டும் நான் கேட்கவில்லை. ஐந்தாம் நாள் விடியற்காலையில், அந்தப் பெண் குழந்தையோடு கிணற்றடியில் நிற்பதைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துத் தடுத்தார். அதன் பிறகுதான் மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். சில வாரங்களில் அவர் தேறினார், அல்ஹம்துலில்லாஹ். அந்தப் பிள்ளை இன்று மக்தபில் என் முன்னால் உட்கார்ந்து அலிஃப், பே ஓதுகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் வீணாய்ப் போன அந்த ஐந்து நாள்கள் என் நினைவுக்கு வருகின்றன.

அது என்ன நோய்?

மருத்துவர்கள் இதைப் பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சிதைவு என்கிறார்கள். ஆயிரம் பிரசவங்களில் ஒன்று அல்லது இரண்டு தாய்மார்களுக்கு இது வருகிறது. பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள் தொடங்கிவிடும். பிரசவம் முடிந்ததும் உடலின் ஹார்மோன்கள் சட்டென்று இறங்குகின்றன. கூடவே தூக்கமும் கெடுகிறது. குடும்பத்தில் ஏற்கெனவே யாருக்காவது கடுமையான மனநோய் இருந்திருந்தால் வாய்ப்பு இன்னும் கூடும். இல்லாத குரல் காதில் கேட்கும், வீட்டார் மேலேயே சந்தேகம் வரும், பேச்சு தடம் மாறும். தாயின் உயிருக்கும் குழந்தையின் உயிருக்கும் ஆபத்து உண்டு என்பதால் இது அவசர சிகிச்சை வேண்டிய நோய். உரிய சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலான பெண்கள் முழுமையாகக் குணமடைகிறார்கள்.

பச்சை உடம்புக்காரியைக் காத்துக் கருப்பு அண்டும் என்று நம் பாட்டிமார்கள் சொல்லி வந்ததற்கும் காரணம் இருக்கிறது. அவர்கள் கண்ணால் கண்ட மாற்றம் உண்மை. அதற்கு வைத்த பெயர்தான் தவறு.

ஜின்னை நம்புகிறோம், ஆனால்...

"அப்படியானால் ஜின் இல்லையா ஹஜ்ரத்?" என்று கேட்பீர்கள். ஜின் என்ற படைப்பு உண்டு என்பது நம் ஈமானில் உள்ளது. ஓதிப் பார்ப்பதற்கும் நபிவழியில் ஆதாரம் உண்டு. ஆனால் இந்தப் பெண்ணைப் பிடித்திருப்பது ஜின்தான் என்று தீர்ப்புச் சொல்லும் அறிவை அல்லாஹ் எனக்குத் தரவில்லை. ஏழாண்டு மதரஸாவில் ஓதியபோது எனக்கு யாரும் நாடி பிடிக்கக் கற்றுத் தரவில்லை.

அல்லாஹ் எந்த நோயையும் அதற்கான நிவாரணம் இல்லாமல் இறக்கவில்லை என்ற கருத்திலுள்ள நபிமொழி புகாரியில் இருக்கிறது. உபை இப்னு கஅப் (ரலி) அவர்கள் நோயுற்றபோது நபி (ஸல்) அவர்கள் ஒரு மருத்துவரை அனுப்பி வைத்ததையும், அவர் நரம்பைக் கீறிச் சூடிட்டதையும் ஸஹீஹ் முஸ்லிம் பதிவு செய்கிறது. துஆ ஏற்கப்படுவதில் அவர்களுக்கு நிகர் யார்? அவர்களே மருத்துவரை அனுப்பினார்கள் என்றால், நான் அனுப்பாமல் இருக்க என்ன நியாயம்?

வலிப்பு நோயால் அவதியுற்ற ஒரு பெண்மணி நபியவர்களிடம் வந்து துஆ கேட்ட செய்தியையும் நாம் அறிவோம். அவரை யாரும் அடிக்கவில்லை, கட்டிப் போடவில்லை. சொர்க்கத்தின் நற்செய்தியோடு கண்ணியமாகத் திரும்பினார்.

இந்த வழியில்தான் நம் முன்னோர் நடந்தார்கள். 1284-ல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டிய மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கென்று தனிப் பகுதி இருந்தது. அவர்களையும் நோயாளிகளாகவே கருதி அதற்கு வக்ஃபும் வைத்தார்கள்.

ஏர்வாடி தந்த பாடம்

2001 ஆகஸ்ட் 6. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை ஒட்டித் தனியார் நடத்திய ஒரு மனநலக் காப்பகத்தின் கொட்டகை அதிகாலையில் தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். அவர்களைக் கொண்டு வந்து விட்டவர்கள் பகைவர்கள் அல்லர். குணமாகும் என்று நம்பி வந்த பெற்றோரும் உடன்பிறந்தோரும்தான்.

அடுத்த சில நாள்களில் அரசு இத்தகைய காப்பகங்களை மூடி, 500-க்கும் மேற்பட்டோரைத் தன் பொறுப்பில் எடுத்தது. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை விசாரித்தது. இன்று மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன்படி மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டுவது குற்றம்.

அதன் பின் ஒரு நல்ல வழியும் பிறந்தது. குஜராத்தின் உனாவா தர்காவில் 2008-ல் 'தவா-துஆ' என்ற திட்டம் தொடங்கியது. தவா என்றால் மருந்து. ஓதுபவர் ஓதுவார். பிறகு அவரே நோயாளியைப் பக்கத்திலுள்ள மனநல மருத்துவரிடம் அனுப்புவார். ஏர்வாடியிலும், நமக்கு அருகில் திருச்சி மாவட்டத்துக் குணசீலம் பெருமாள் கோயிலிலும் மருத்துவ சேவை இப்படி வழிபாட்டுத் தலத்தைத் தேடி வந்தது. இந்தத் துன்பம் ஒரு சமுதாயத்துக்கு மட்டும் உரியது அல்ல என்பதற்கும் இதுவே சாட்சி.

நாம் செய்ய வேண்டியது

பிள்ளை பெற்ற தாய்க்குத் தூக்கம் அடியோடு போய், பேச்சு மாறினால் அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்லுங்கள். பெரம்பலூர் மாவட்ட அரசு தலைமை மருத்துவமனையிலும், அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநல மருத்துவரைக் கேளுங்கள். நள்ளிரவில் வழி தெரியாவிட்டால் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம், உயிருக்கு ஆபத்து என்றால் 108. தாயையும் குழந்தையையும் தனியே விடாதீர்கள். கொஞ்சம் தெளிந்ததும் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். அடுத்த பிரசவத்திலும் இது திரும்ப வர வாய்ப்பு உண்டு. ஆகவே கருவுற்றதுமே மருத்துவரிடம் பழைய விவரத்தைச் சொல்லுங்கள். ஊர் என்ன சொல்லுமோ என்று மறைக்காதீர்கள்.

சக ஆலிம்களுக்கு ஒரு வேண்டுகோள். தாய்மார்கள் டாக்டரிடம் சொல்லக் கூசுவதைக்கூட நம்மிடம் சொல்கிறார்கள். அந்த நம்பிக்கை ஓர் அமானிதம். இப்போதெல்லாம் என்னிடம் பாட்டிலை நீட்டுபவரிடம் முதலில் மருத்துவரின் சீட்டைக் கேட்கிறேன். "நாளைக்குக் காட்டிவிட்டு வாருங்கள், அதுவரை துஆச் செய்கிறேன்" என்று ஓதித்தான் கொடுக்கிறேன். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் ஷிஃபாவைத் தருவானாக. உரிய நேரத்தில் உரிய இடத்துக்கு அவர்களை அனுப்பும் அறிவை நமக்கும் தருவானாக. ஆமீன்.