காலையில் ஆபரேஷன், மாலையில் வீடு

கர்ப்பப்பையை எடுக்கப் போகிறார்கள் என்றதும் நம் வீடுகளில் முதலில் தயாராவது ஒரு பெரிய பை. மாற்றுப் புடவை, பிளாஸ்க், போர்வை, துணைக்குத் தங்குபவருக்குப் பாய் என்று ஒரு வாரக் குடித்தனமே அதில் ஏறிவிடும். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இதே அறுவை சிகிச்சைக்குக் காலையில் கையை வீசிக்கொண்டு வந்து, அன்று மாலையே வீடு திரும்பும் பெண்கள் இன்று ஏராளம். நம் பெருநகரங்களிலும் இது ஆங்காங்கே தலைகாட்டத் தொடங்கிவிட்டது.

‘இது பத்திரமானதுதானா?’ என்று எல்லோரும் கேட்கிறார்கள். சீக்கிரம் வந்துவிட்ட பெண்ணை வீட்டில் ஓய்வெடுக்க விடுவார்களா என்று யாரும் கேட்பதில்லை.

வாரம் ஒரு நாளாகச் சுருங்கிய கதை

அடிவயிற்றில் 10 முதல் 15 செ.மீ. வரை கீறிச் செய்வதுதான் நெடுங்கால வழக்கம். 1988இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஹாரி ரைக் என்ற மருத்துவர் லேப்ராஸ்கோப் கொண்டு கர்ப்பப்பையை அகற்றிக் காட்டினார். இந்த முறையில் வயிற்றில் 5 முதல் 10 மி.மீ. அளவில் மூன்று நான்கு துளைகள்தான். கார்பன்-டை-ஆக்ஸைடு வாயுவால் வயிற்றை உப்பவைத்து, கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டே கர்ப்பப்பையை விடுவித்து, பெரும்பாலும் பிறப்புறுப்பு வழியாக வெளியே எடுத்துவிடுவார்கள். வயிற்றில் துளையே போடாமல், முழுக்கப் பிறப்புறுப்பு வழியாகவே செய்யும் பழைய முறையும் இருக்கிறது. அன்றே வீடு திரும்ப இந்த இரண்டு முறைகளும் ஏற்றவை.

மீதிப் பெருமை டென்மார்க்கைச் சேர்ந்த ஹென்ரிக் கெஹ்லெட் என்ற அறுவை சிகிச்சை நிபுணரைச் சேரும். ஆபரேஷன் முடிந்த நோயாளியைப் படுக்கையோடு கட்டிப்போடுவது எது என்று 1990களில் அவர் ஆராய்ந்தார். வலி, குமட்டல், நீண்ட பட்டினி, தேவைக்கு மேல் நீடிக்கும் குழாய்கள் என்று பட்டியல் வந்தது. ஒவ்வொன்றையும் முன்கூட்டியே சமாளித்தால் உடம்பு வேகமாகத் தேறுகிறது என்று குடல் அறுவை சிகிச்சையில் அவர் காட்டியதை, பிறகு மகளிர் மருத்துவமும் எடுத்துக்கொண்டது.

“கேஸ் பிரிஞ்சுதா?” என்று நர்ஸ் மணிக்கொரு முறை கேட்பதும், பிரியும்வரை சொட்டுத் தண்ணீர்கூடத் தராததும் நம் வார்டுகளில் பழகிப்போன காட்சி. புதிய வழிமுறையில் அந்தக் காத்திருப்பு இல்லை. குமட்டல் அடங்கியதும் தண்ணீர், அடுத்து இட்லியோ கஞ்சியோ கொடுத்துவிடுகிறார்கள்.

அந்த ஒரு நாள்

அன்றே வீடு திரும்பப் போகிறவர்களுக்குத்தான் பெரும்பாலும் காலையில் முதல் ஆபரேஷன். மதியத்துக்கு மேல் தொடங்கினால், மயக்கம் தெளிந்து நடப்பதற்குள் இரவாகிவிடும். திட உணவை ஆறு மணி நேரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும். தண்ணீரோ பால் சேர்க்காத டீயோ இரண்டு மணி நேரத்துக்கு முன்புவரை குடிக்கலாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் மயக்க மருத்துவர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

வலி வந்தபின் மருந்து தேடாமல், தொடக்கத்திலேயே பாராசிட்டமால் போன்ற மருந்துகளைக் கொடுத்துவிடுவார்கள். சிறுநீர்க் குழாயை ஆபரேஷன் முடிந்ததுமோ, சில மணி நேரத்திலோ எடுத்துவிடுவார்கள். அதன்பின் தானாகச் சிறுநீர் கழித்தாரா, தலைசுற்றாமல் நடந்தாரா, சாப்பிட்டது வயிற்றில் தங்கியதா, மாத்திரைக்கே வலி அடங்குகிறதா, ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் சீராக உள்ளனவா என்று பார்ப்பார்கள். இதில் ஒன்று தவறினாலும் அன்றிரவு அங்கேயே தங்க வேண்டியதுதான்.

சரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்கள் அன்றே வீடு திரும்புவதால், மீண்டும் மருத்துவமனையில் சேர வேண்டிய நிலை கூடுவதில்லை என்று வெளிநாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. இதில் ‘சரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட’ என்பதுதான் முக்கியம்.

யாருக்கு வேண்டாம்?

வயிற்றைக் கீறிச் செய்தவர்கள், ஆபரேஷனில் அதிக ரத்தம் இழந்தவர்கள், கட்டுக்குள் வராத சர்க்கரை, இதய நோய், தூக்கத்தில் மூச்சுத் திணறல் உள்ளவர்கள் ஓரிரு நாள் தங்குவதே நல்லது. மருத்துவமனைக்கு வந்துசேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் ஊர்க்காரர்கள் அன்றிரவு அருகிலுள்ள உறவினர் வீட்டிலாவது தங்கலாம். முதல் 24 மணி நேரம் பொறுப்பான ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

வீட்டில் ஆறு வாரம்

வெளியே தெரிவது பிளாஸ்டர் ஒட்டிய மூன்று நான்கு சின்னத் துளைகள். உள்ளே, கர்ப்பப்பை இருந்த இடத்துக்குக் கீழே, பிறப்புறுப்பின் மேல்முனையை மூடித் தையல் போட்டிருக்கிறார்கள். அந்தத் தையல் இறுக ஆறு முதல் எட்டு வாரமாகும். மாலையில் வீடு வந்தவருக்கும், ஐந்தாம் நாள் வந்தவருக்கும் இதே கணக்குதான்.

சிக்கல் அடுப்படியில் தொடங்குகிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருப்பவரை யாரும் காபி போடச் சொல்வதில்லை. வீட்டில் நடமாடத் தொடங்கிவிட்டால், “அதான் நல்லா இருக்கியே” என்று ஒவ்வொரு வேலையாக வந்து சேரும். நடப்பது நல்லது, காலில் ரத்தம் உறைவதைத் தடுக்கும். தண்ணீர்க் குடம், ஈரத்துணி வாளி, கேஸ் சிலிண்டர், இடுப்பில் பேரக் குழந்தை ஆகியவை ஆறு வாரத்துக்குக் கூடாது. தாம்பத்திய உறவும் மருத்துவர் பரிசோதித்துச் சரி என்று சொன்ன பிறகுதான்.

மலச்சிக்கலில் முக்குவதும் தையலைச் சோதிக்கும். தண்ணீர், கீரை, பழம் போதாவிட்டால் மருத்துவர் தரும் மலமிளக்கியைத் தயங்காமல் எடுக்கலாம்.

முதல் இரண்டு நாள் தோள்பட்டையில் வலி வரக்கூடும். வயிற்றில் செலுத்திய வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் வருவது இது. நெஞ்சுவலியோ என்று பலர் பயந்துவிடுகிறார்கள். நடக்க நடக்கக் குறையும். மூச்சுத் திணறலோ நெஞ்சில் வலியோ சேர்ந்து வந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது. சில வாரங்களுக்கு லேசான ரத்தக் கசிவு இருப்பதும் இயல்பே.

உடனே கிளம்ப வேண்டிய நேரம்

- ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுக்க நனையும் அளவுக்கு ரத்தப்போக்கு
- 100.4 டிகிரி அல்லது அதற்கு மேல் காய்ச்சல், துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல்
- நாளுக்கு நாள் கூடும் வயிற்றுவலி, வயிறு உப்பல், ஓயாத வாந்தி
- சிறுநீர் கழிக்க முடியாமை அல்லது பிறப்புறுப்பு வழியாகத் தண்ணீர்போல் ஒழுகுதல்
- ஒரு காலில் மட்டும் கெண்டைச் சதை வீங்கி வலித்தல்

குடலிலோ சிறுநீர்ப் பாதையிலோ ஏற்பட்ட காயம் சில நாள் கழித்தே வெளிப்படலாம். அதனால் இரவிலும் எடுத்துப் பேசும் மருத்துவமனை எண் கையில் இல்லாமல் டிஸ்சார்ஜ் ஆகக் கூடாது.

தேதி குறிப்பதற்கு முன்

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 100க்குச் சுமார் 3 பேர் கர்ப்பப்பையை எடுத்தவர்கள். தேவையில்லாமல் எடுப்பதைத் தடுக்கும் மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளை மாநிலங்கள் பின்பற்ற வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றமே சொல்ல நேர்ந்தது. ‘ஒரே நாளில் முடிந்துவிடும்’ என்பது கர்ப்பப்பையை எடுக்க ஒரு காரணமாகாது. அதிக உதிரப்போக்குக்கு மாத்திரையோ, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனமோ, நார்க்கட்டியை மட்டும் எடுப்பதோ போதுமா என்று கேட்பது நோயாளியின் உரிமை.

காப்பீடு வைத்திருப்பவர்கள், 24 மணி நேரத்துக்குள் வீடு திரும்பினால் பகல்நேரச் சிகிச்சையாகப் பணம் கிடைக்குமா என்று முன்னதாகவே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. எடுத்த கர்ப்பப்பை பயாப்ஸி பரிசோதனைக்குப் போகும். அதன் முடிவு வருவதற்குள் நோயாளி வீட்டுக்கு வந்துவிடுவதால், அதை வாங்க யாராவது போக வேண்டும். எதிர்பாராத புற்றுநோய் சில சமயம் அந்தக் காகிதத்தில்தான் தெரியவரும்.